ஏழாவது கப்பலுக்கான காற்று

புன்னைத்துறையில் பாய்மரக் கப்பல் திருவிழா தொடங்கிய அன்று மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் கடலோரத்துச் சுடலைமாடன் கோயிலிலும் ஒரே மாதிரி வேண்டிக்கொண்டார்கள், வந்திருக்கிற விருந்தாளிகள் பத்திரமாகத் திரும்பும்வரை காற்றும் கடலும் அடங்கியிருக்கட்டும் என்று. டீசல் லாஞ்சுகளுக்காக வேண்டி வேண்டி நாக்குப் பழகிப்போன வேண்டுதல் அது. பாய் விரித்து ஓடுகிற கப்பலுக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூன்று வேண்டுதலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பலித்துவிட்டன.

முதலில் கவனித்தவள் ஜெசிந்தா. திண்டுக்கல்லிலிருந்து புருஷனோடு லீவுக்கு வந்திருந்தவள், லாட்ஜ் மாடியில் துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்து சாயங்காலம் எடுக்கப் போனால் அது பிழிந்த மடிப்புக்கூட மாறாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டால் சொட்டியது. "இந்த ஊர்ல துண்டுகூட வேலை செய்ய மாட்டேங்குது" என்று அவள் மரியதாஸிடம் சொன்னாள். மரியதாஸ் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏழு தேசத்துக் கப்பல்கள், ஒவ்வொன்றும் மாதா கோயில் கோபுரத்தைவிட உயரம், ஈரத் துண்டுகளைப்போலவே பாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன.

அவளுக்கு வர இஷ்டமே இல்லை. செய்தித்தாளில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவர்தான், "நாலு வருஷமா வீட்டுக்குள்ளயே இருக்கோம், ஒரு மாத்தமா இருக்கும்" என்று ஆரம்பித்தார். "கப்பலைப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன், வெளக்கிக் கவுத்து வைக்கவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கிளம்பியும் வந்தாள், ஒயர் கூடையில் மாற்றுப் புடவைகளுக்கு மேலே அந்த நீலக் காற்றுத் தலையணையை வைத்துக்கொண்டு.

அது கழுத்தில் மாட்டிக்கொள்கிற, குதிரை லாடம் போன்ற தலையணை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர்கள் மூன்று பேரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் கழுத்து வலிக்கும் என்று அவள் முனகியதற்காக மகன் ஆல்வின் அதை வாங்கி வந்திருந்தான். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துத் தின்றுவிட்டு அந்த வாயாலேயே அதை ஊதினான். "எச்சில் படாம ஊதுடா, வெங்காய நாத்தத்துல நான் எப்படித் தலை வைக்கிறது?" என்று அவள் கத்த, அவன் கன்னம் உப்பிய வாக்கிலேயே சிரித்து, கிண்ணென்று ஊதி, மூடியை அழுத்தி, அவள் மடியில் எறிந்துவிட்டு, ஆட்டோ கூட்டி வரப் போனான். தெருமுனையில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் பார்க்காமல் பின்னால் வந்தது. அவ்வளவுதான், பத்தொன்பது வயசு. அதற்கப்புறம் அந்த மூடியை யாரும் தொட்டதில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் காற்றுத் தலையணையும் ஒரு வாரத்தில் தொளதொளத்துவிடும், இது தொளதொளக்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

காற்று நின்றதைப் புன்னைத்துறை ஒரு மின்வெட்டைப்போல எடுத்துக்கொண்டது, நாளைக்கு வந்துவிடும் என்று. வரவில்லை. மெழுகுவத்திச் சுடர் வரைந்துவைத்ததுபோல நின்றது, உப்பளத்தில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, கொடியில் போட்ட துணியைச் சட்டியில் போட்டு வறுக்கலாமா என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். அடுப்புப் புகை வெளியே வந்து, போக இடம் தெரியாமல், அந்தந்த வாசலிலேயே இடுப்பளவில் நின்றது. எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் வெறும் ரசம், எந்த வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் முட்டை என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்து அதனால் மட்டும் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன.

கப்பல்களின் வயிற்றில் இன்ஜின்கள் இருந்தன, ஓடின, தண்ணீரைக் கலக்கின, கப்பல்கள் அசையவில்லை. இழுவைப் படகு கட்டி இழுத்தால் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தொழுவத்துக்குத் திரும்பும் மாடுபோலத் தாங்களாகவே பழைய இடத்தில் வந்து நின்றுகொண்டன. திருவிழாக் கமிட்டியார் கல்யாண மண்டபத்திலிருந்து ஆளுயர ஃபேன்களைக் கொண்டுவந்து பாய்களுக்கு எதிரே வரிசையாக வைத்துச் சுழலவிட்டார்கள். கமிட்டித் தலைவரின் தலையில் ஒட்டவைத்திருந்த முடி போயிற்று, பாயில் ஒரு சுருக்கம் விழவில்லை. மறுபடி மூன்று இடத்திலும் போய், இந்தமுறை காற்று வேண்டுமென்று கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது என்பதுபோல மூன்று இடத்திலும் மௌனம்.

வழி கண்டுபிடித்தது மிக்கேலம்மா, கருவாடு விற்கிறவள். மத்தியான வெயிலில் கூடையை இறக்கி, கப்பலின் கயிறு கட்டியிருந்த இரும்புக் குத்தியின்மேல் உட்கார்ந்தாள். எதிரே நின்ற கப்பலின் பக்கவாட்டில் அடித்திருந்த பச்சைப் பெயிண்ட், கடலுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷனின் வள்ளத்துக்கு அடித்திருந்த அதே பச்சை என்பதைக் கண்டு, ஆழத்திலிருந்து ஒரு பெருமூச்சு விட்டாள். முன்பாய் உப்பியது. கயிறு முறுகிக் கிறீச்சிட்டது. குத்தியில் உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்போல ஆகி, மாலுமிகள் ஓடிவந்து முடிச்சை அவிழ்க்க, கப்பல் பதற்றமில்லாமல் நடுக்கடலுக்குப் போய்விட்டது.

"நான் ஒண்ணும் செய்யல," என்றாள் மிக்கேலம்மா கூட்டத்திடம். "மூச்சு விட்டேன். அதுக்கும் வரியா?"

அதன்பின் ஊர் அந்தக் காரியத்தைத் தேர்தலைப்போல நடத்தியது. சாமியானா போட்டார்கள், மோர்ப்பானை வைத்தார்கள், மைக் செட்காரர் 'துக்கமுள்ளவர்கள் வலது பக்கம் வரவும்' என்று அறிவித்தார். ஆனால் வரிசை என்ற ஒன்றை அந்த ஊர் அறிந்திருக்கவில்லை. இரண்டு விதவைகள் யார் முதலில் என்று முடியைப் பிடித்துக்கொண்டபோது ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் உயர வாரியாக நின்று படித்தவள் அவள்; ஒரு கோணல் வரிசையைப் பார்த்தால் அவளுக்குப் பல் கூசும். எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் ஒரு கை இடைவெளி விட்டு நில்லுங்க. துக்கம் எங்கயும் ஓடிப் போயிராது. நீங்க என்ன, மருமகளா? மாமியாரை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? அவங்களைத் தூரப் போகச் சொல்லுங்க, போன தடவை ஒருத்தி மாமியாரைப் பாத்து விட்ட மூச்சுல மோர்ப்பந்தல் சாஞ்சிருச்சு."

அப்படித்தான் அது ஜெசிந்தாவின் வேலையாயிற்று. எந்த மூச்சு பாயில் ஏறும், எது ஏறாது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே பிரித்தாள். வார்டு கவுன்சிலர் கேமராவுக்கு முன் விட்ட மூச்சில் கொடிக்கயிறுகூட ஆடவில்லை. உள்நாட்டிலிருந்து வண்டி வைத்துக் கூட்டி வந்த ஒப்பாரிப் பெண்கள் மாரடித்து அழுதார்கள், காற்று வரவில்லை. அழுது தீர்க்கிறவர்களிடம் பெருமூச்சு மிச்சம் இருப்பதில்லை. அழாதவர்கள்தான் வேண்டும். கடை பூட்டியவர், பெண் ஓடிப்போனவர், பேசாத அண்ணன் பேசாமலே செத்துப்போனவர், இப்படி ஒவ்வொருவராக வந்து பாயைப் பார்த்து நின்று, சிலர் ஒரு பெயரைச் சொல்லி, சிலர் ஒன்றும் சொல்லாமல் மூச்சை விட்டுவிட்டு, இறக்கிவைத்த கூடைக்காரர்களைப்போலத் தோளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு கப்பல் போயிற்று, மூன்று போயிற்று, நான்கு போயிற்று, ஐந்து போயிற்று.

"ஏக்கா, நீங்க விடலியா?" என்று மிக்கேலம்மா ஒருநாள் கேட்டாள்.

"நான் வரிசையைப் பாத்துக்கிறவ."

"வரிசையப் பாக்கவளுக்கு மூச்சு கெடையாதா? நான் அன்னைக்கு விட்டேம்லா, அன்னைக்கு ராத்திரி படுத்தவ காலைல கோயில் மணி அடிச்சது தெரியாமத் தூங்கிட்டேன். அந்த மனுசன் போன நாள்லேருந்து மணிக்கு முந்தி முழிக்கிறவ நான். எந்திரிச்சு வெக்கமாப் போச்சு. என்ன இருந்தாலும் அவரு நெனப்பு ஒரு சுத்து கொறஞ்சாப்லதான் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை மிக்கேலம்மா சும்மாதான் சொன்னாள். ஜெசிந்தாவுக்கு அது எலும்பில் போய்த் தைத்தது. அன்றிலிருந்து அவள் கூடையை லாட்ஜில் விட்டுவிட்டு வருவதை நிறுத்தினாள். இடது முழங்கையில் மாட்டியபடியே வரிசையை நடத்தினாள், புடவை முந்தானையால் தலையணையை மூடிக்கொண்டு.

ஆறாவது கப்பல்தான் ஏழிலும் பெரியது, நாலு பாய்மரம். அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது போய்விட்டது. துறைமுகத்துக்கு வந்து காலி இடத்தைப் பார்த்து, "யார் விட்டது?" என்று கேட்டாள்.

மிக்கேலம்மாவின் முகம் முழுக்கப் பெருமை. "யாரு விடுவா? உங்க வீட்டுக்காரருதான். ஏயப்பா, என்னா மூச்சுக்கா. நாலு பாயும் ஒரே நேரத்துல படார்னு விரிஞ்சுது. எங்க சித்தப்பா தொப்பி கடல்ல கெடக்கு."

ஜெசிந்தா லாட்ஜுக்குப் போனாள். மரியதாஸ் சாப்பாட்டு மேசையில் ஐந்தாவது இடியாப்பத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக இரண்டுக்குமேல் கேட்காத மனுஷன்.

"என்னைக் கேக்காம அவனை விட்டுட்டீங்க."

அவர் கரண்டியை வைத்தார். "அவனை எங்க விட்டேன் ஜெசி? மூச்சைத்தான் விட்டேன். பாரமா இருந்துச்சு."

"பாரம்தான். புள்ளை பாரமாத்தான் இருப்பான். இறக்கி வைக்கிறதுக்கு அவன் என்ன அரிசி மூட்டையா?"

"உனக்கு அந்தத் தலையணை இருக்கு," என்றார் அவர் மெதுவாக. "எனக்கு எதுவும் இல்லை. நான் நெஞ்சுலதான் வச்சிருக்கணும்."

அவள் கூடையை முழங்கையில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள். அவர் இடியாப்பத்தை முடித்தார்.

ஏழாவது கப்பல் சின்னது. ஒற்றைப் பாய், பழுப்பாக ஒட்டுப்போட்டது, வடக்கே எங்கேயோ பனி தேசத்திலிருந்து வந்தது. ஆனால் அதற்கு மூச்சு விட ஊரில் ஆள் இல்லை. புன்னைத்துறையின் துக்கமெல்லாம் தீர்ந்துவிட்டது; ஊரே நன்றாகத் தூங்கிக் கன்னம் வைத்திருந்தது. விருந்தாளிகள் திரும்பும்வரை என்றுதானே வேண்டிக்கொண்டார்கள், கடைசி விருந்தாளி போனால்தான் காற்று வரும். வரிசைக்காரம்மாவிடம் ஒரு பெரிய மூச்சு உள்ளே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் மூச்சுக்கே நாலு பாய் உப்பியதென்றால் பெற்றவள் மூச்சுக்குக் கேட்கவேண்டுமா என்று கணக்குப் போட்டார்கள். பங்குச்சாமியார் பன் ரொட்டியோடு வந்தார், கமிட்டித் தலைவர் தொப்பி போட்டுக்கொண்டு அல்வாவோடு வந்தார், உப்பளக்காரர்கள் வெறுங்கையோடு வந்து நடையில் நின்றார்கள்.

"நாளைக்குக் காலைல எங்களுக்கு பஸ்," என்றாள் ஜெசிந்தா எல்லோரிடமும். "நாங்க கப்பல் பாக்க வந்தவங்க. பாத்தாச்சு. ஊரே சேர்ந்து தப்பா வேண்டிக்கிட்டதுக்கு வெளியூர்க்காரி என்ன பண்ணுவா? அல்வாவை எடுத்துட்டுப் போங்க, அவருக்கு சுகர்."

கேட்காதவள் ஒருத்திதான், லாட்ஜ்காரி பல்கீஸ். அவளுக்கு இழுப்பு. தெருவில் நின்றுபோன புகை அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. டீ கொண்டுவரும்போது ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று, தட்டைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, விசில் ஊதுவதுபோல மூச்சை இழுத்து, அப்புறம் மேலே வருவாள். முதல் நாள் டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. இப்போது ஆடை கட்டி வந்தது. ஆறிப்போன டீயை வாழ்நாளில் குடிக்காத ஜெசிந்தா அதைப் பேசாமல் குடித்தாள்.

கிளம்புகிற அன்று காலை பல்கீஸ் தட்டை வைத்துவிட்டு, நிற்க முடியாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன் வரிசைக்கு வரல?" என்றாள் ஜெசிந்தா. "உனக்கு யாரும் இல்லையா?"

"எனக்கா?" பல்கீஸ் இழுத்தாள். "ரெண்டு இருக்குக்கா. ரெண்டும் பொறந்த அன்னைக்கே." மறுபடி இழுத்தாள். "வந்து நிக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா பெருமூச்சு விடுறதுக்கு மொதல்ல மூச்சு வேணும்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், அது இருமலாகப் போயிற்று. "நீங்க கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொந்தப் பொருளை யாரு கேட்டாலும் குடுக்கணும்னு இல்ல."

ஜெசிந்தா கொஞ்ச நேரம் அவள் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை எடுத்தாள், "நீங்க பெட்டியை இறக்குங்க" என்று மரியதாஸிடம் சொன்னாள், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவேண்டிய முக்கில் திரும்பாமல் நேராகத் துறைமுகத்துக்கு நடந்தாள். இடுப்பளவுப் புகையில் அவள் வருவதைப் பார்த்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். யாரும் சொல்லாமலே, ஒரு கை இடைவெளி விட்டு, வரிசையில் வந்தார்கள்.

அவள் பழுப்புப் பாயின் முன்னால் போய் நின்றாள். சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்ததுபோல முதுகை நிமிர்த்தி, மூக்கால் இழுத்து, மகனை நினைத்துக்கொண்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை விட்டாள். பாய் ஈரத் துண்டாகத் தொங்கியது. பின்னாலிருந்து யாரோ, "கவுன்சிலர் மூச்சு மாதிரியில்லா இருக்கு" என்று முணுமுணுக்க, மிக்கேலம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

தன் நெஞ்சில் எதுவும் இல்லை என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் எதையும் அங்கே வைக்கவில்லை. எல்லாவற்றையும் வேறு இடத்தில் வைத்து மூடியிருந்தாள்.

முந்தானையை விலக்கித் தலையணையை எடுத்தாள். நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது, மற்றபடி அன்றைக்கு எப்படி மடியில் விழுந்ததோ அப்படியே கிண்ணென்று இருந்தது. மரியதாஸ் பெட்டியோடு வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றிருந்தார். "ஜெசி, வேணாம்," என்றார். "உனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"நீங்க சும்மா இருங்க. நீங்க உங்களோடதை விடும்போது நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். இப்போ கூடவாவது நில்லுங்க."

அவர் வந்து கூட நின்றார். அவள் மூடியை நகத்தால் நெம்பினாள். நாலு வருஷத்தில் இறுகிப்போயிருந்தது, அவர்தான் பல்லால் கடித்துத் திறந்தார்.

உஸ்ஸென்று மெல்லிய சத்தம், குக்கரின் முதல் விசிலுக்கு முந்தைய சத்தம் அளவுக்குத்தான். அதோடு பச்சை வெங்காய வாசம். துறைமுகம் முழுக்க, கிரேன்களுக்குக் கீழே, மோர்ப்பந்தலில், உப்பளக்காரர்களின் மேல், பழைய சோற்றுக்குக் கடித்த சின்ன வெங்காயத்தின் வாசம் பரவியது; கூட்டத்தில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. பழுப்புப் பாய் உள்ளேயிருந்து யாரோ கன்னத்தை உப்பிச் சிரிப்பதுபோல மெல்ல மெல்ல உருண்டது. கப்பல் நகர்ந்தது. மற்ற ஆறும் போனதுபோல நேராகப் போகவில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று, கையை விட்டுச் சைக்கிள் ஓட்டுகிறவன் தெருவைக் கடக்கிறமாதிரி வளைந்து வளைந்து போயிற்று. "பாத்துப் போடா," என்றாள் ஜெசிந்தா. தலையணை அவள் கையில் சுருங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டின, அவள் அப்புறமும் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டே நின்றாள்.

கப்பல் மறைந்த பிறகு காற்று வந்தது. முதலில் கொடித் துணிகள் ஆடின, பிறகு தெருவில் நின்ற புகை எழுந்து தெற்குப் பக்கமாக நடந்து போயிற்று. லாட்ஜ் மாடியில் பல்கீஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, இழுக்காமல், ஒரு முழு மூச்சு விட்டாள். ஆனால் அதற்குள் துறைமுகத்தில் கப்பல் எதுவும் இல்லை, அந்த மூச்சு எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலையணையை நாலாக மடித்துக் கைக்குட்டைபோல வைத்திருந்தாள். மதுரை தாண்டியதும் மரியதாஸ், "கழுத்து வலிக்குதா? நான் ஊதித் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாமென்று தலையசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தூங்குங்க," என்றாள், கோபமில்லாமல். அவர் தூங்கினார்.

திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது வெங்காயப் பேட்டைக்கு முன்னால் லாரிகள் வழியை அடைத்திருந்தன. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம், வெயிலில் ஊறிய வாசம் பஸ்ஸுக்குள் வந்து நிறைந்தது. ஆளாளுக்கு ஷட்டரை இறக்கினார்கள். "யக்கா, அதையும் மூடுங்க, கண்ணு எரியுது," என்றார் கண்டக்டர்.

"எரியட்டும்."

அவள் முகத்தை வெளியே நீட்டி முகர்ந்தாள். அந்த வாசம் இல்லை. வெங்காயம்தான், ஆயிரம் பேருக்கான வெங்காயம், அதில் அவனுடையது மட்டும் இல்லை. மறுபடி முகர்ந்தாள், மறுபடியும் இல்லை. அப்போதுதான் அவள் நெஞ்சுக்குள், நாலு வருஷமாகக் காலியாக இருந்த இடத்தில், ஏதோ வந்து இறங்கியது, கனமாக, பெற்ற அன்று அவனை அவள் மேல் கிடத்தியபோது இருந்த கனம். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

நிறுத்தியிருந்த பஸ் நகர ஆரம்பித்தது. லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. டிரைவர் ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தார், சாவியைத் தொடாமல் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர், "பஸ் ஸ்டாண்ட் எல்லாம் எந்திரிங்க," என்று குரல் கொடுத்துக்கொண்டே பின்பக்கம் போனார்.